தலை போன வாக்கியம்

பிப்ரவரி 9

மருமகளுக்கு,

என்னோடு தங்க வந்த உன்னை நான் வீட்டை விட்டுத் துரத்தியதாக என் நாத்தனார் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது தவறு. கீழே இருக்கும் காவல்காரரிடம் சொல்லி உனக்கு டாக்சி வரவழைத்தேன். உன் பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்ததால் குடை இருக்கிறதா என்றும் கேட்டேன். துரத்துகிறவர்கள் குடை கேட்பதில்லை. இதை நாத்தனாரிடமும் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினாள். திருத்திக்கொள்வாள் என்று தோன்றவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் காது மெஷினைச் சரிபார்க்க வந்த நர்ஸை வழியனுப்ப நீ மாடிப்படி வரை போனாய். நான் பின்னால் வந்தேன். அப்போது நீ அவளிடம் சொன்னாய்: ‘ஐ வுடன்ட் ஸ்டே ஹியர் எ வீக்.’ இங்கே ஒரு வாரம்கூட இருக்க மாட்டேன் என்று. இந்தக் கிழவிக்கு எங்கே கேட்கப் போகிறது என்று நினைத்துச் சொன்னாயோ என்னவோ. மாடிப்படியில் குரல் எதிரொலிக்கும். அங்கே எனக்கு ஓரளவு கேட்கும். போதாததற்கு உன் உச்சரிப்பு சுத்தம். கடைசி எழுத்தைக்கூட விழுங்காமல் சொல்கிறாய். எங்கள் கான்வென்ட்டில் படித்திருந்தால் சிஸ்டர்கள் உன்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டேன். ஆனால் ஒரு வாரம்கூட இருக்க மாட்டேன் என்கிறவளைக் கையைப் பிடித்து இழுத்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இன்னொரு திருத்தம். ஆபரேஷனுக்குப் பயந்து நான் சாக்குச் சொல்லிக்கொண்டிருப்பதாகவும் பேச்சு. இடது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. வலது காதில் மிச்சமிருப்பதும் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் காதுக்குள் கருவி வைக்கலாமா என்று கேட்கத்தான் பெரிய டாக்டரிடம் போனோம். அவரே ‘ஐ வுட் நாட் ஆபரேட்’ என்று சொல்லிவிட்டார். டாக்டரே மாட்டேன் என்ற பிறகு நான் பயப்பட இதில் என்ன இருக்கிறது? உன் புருஷன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். “என்னடா சொன்னார்?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்லம்மா, பாத்துக்கலாம்” என்றான். ஆக, அது முடிந்த விஷயம்.

உன் மாமா இருந்தவரை டாக்டர் சொன்னதையெல்லாம் வீட்டுக்கு வந்து முழுசாகத் திருப்பிச் சொல்வார், டாக்டரின் இருமல் உட்பட. இப்போது அந்த வசதி இல்லை. போனில் உன் குரல் எனக்குக் குழாயில் தண்ணீர் வருவது போல இருக்கிறது. அதனால் சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

அத்தை


பிப்ரவரி 14

அத்தைக்கு,

குடை கேட்டீர்கள், மறுக்கவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள், நர்ஸ் கிளம்புகிறாளே என்று துண்டோடு மாடிப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்து துவட்டி முடிப்பதற்குள் டாக்சி வந்துவிட்டது. ஈரத் தலை நனையாமல் குடை பிடித்துக்கொண்டு போனவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கோபத்தில் ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது. இதிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன வாக்கியத்தை நீங்கள் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். முழு வாக்கியம் இது: ‘இன் ஹர் ப்ளேஸ், ஐ வுடன்ட் ஸ்டே ஹியர் எ வீக்.’ அவர் இடத்தில் நான் இருந்தால் ஒரு வாரம்கூட இங்கே தாக்குப்பிடிக்க மாட்டேன். நர்ஸ் படியில் நின்று கேட்டாள்: “எப்படிங்க அவங்க தனியா சமாளிக்கறாங்க? மூணாவது மாடி, காலிங் பெல் கேக்காது, அடுப்புல பால் பொங்கினா சத்தம் தெரியாது.” அதற்குத்தான், தொழில் பழக்கத்தில் இங்கிலீஷில், அப்படிச் சொன்னேன். அது குறை இல்லை அத்தை, மலைப்பு. நர்ஸ்கூடச் சிரித்துக்கொண்டே, “கெட்டிக்கார அம்மா” என்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் கதவைத் திறந்துகொண்டு வந்து காவல்காரரைக் கூப்பிட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன் பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது.

உங்கள் காதைக் குறை சொல்லவில்லை. இது என் தொழிலில் தினமும் நடப்பது. உங்கள் நாத்தனார் “அவ டிவியில டைப் அடிக்கறா” என்று சொல்வார், அது பாதிதான் உண்மை. செய்தியில் ஒருவர் பேசப் பேச, அதே சொற்களை ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மைக்கில் நான் தட்டையான குரலில் திருப்பிச் சொல்வேன். கம்ப்யூட்டர் அதை எழுத்தாக்கும். தப்பு வந்தால் விரலால் திருத்தி அனுப்புவேன். திரையின் அடியில் ஓடுகிற வரிகள் அவைதான். பேசுகிறவர் வேகமெடுத்தால் எங்கள் கையிலிருந்து முதலில் நழுவுவது வாக்கியத்தின் தலைப்பகுதி. ‘அட் வொர்ஸ்ட்’, ‘ஃபார் நவ்’, ‘இன் தட் கேஸ்’ என்று இரண்டு மூன்று சொல். பேசுகிறவர்கள் அதை மூச்சோடு மூச்சாக, தணிந்த குரலில் சொல்லிவிட்டு ‘குட்’, ‘வுட்’, ‘ஷுட்’ என்று மேலே போய்விடுவார்கள். பின்னால் வருவதற்கு அர்த்தம் கொடுப்பதே அந்தத் தலைதான்.

‘யூ குட் வாக்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அட் எ பிஞ்ச், யூ குட் வாக்’ என்றால், வேறு வழியே இல்லாவிட்டால் நடந்தே போய்விடலாம். பஸ்ஸைத் தவறவிட்டவனிடம் சொல்வது. ‘வித் ப்ராக்டிஸ், யூ குட் வாக்’ என்றால், பழகினால் நடந்துவிடுவீர்கள். கால் முறிந்தவரிடம் சொல்வது. ‘இன் தோஸ் டேஸ், யூ குட் வாக்’ என்றால், அப்போதெல்லாம் இந்தத் தெருவில் நிம்மதியாக நடக்க முடிந்தது. இது வெறும் புலம்பல். உடம்பு ஒன்றுதான், தலை மூன்று. தலையை எடுத்துவிட்டால் மூன்று பேரும் ஒரே ஆள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். டாக்டர் ‘ஐ வுட் நாட்’ என்றாரே, அதற்கு முன்னால் ஏதாவது சொன்னாரா? கேட்டது கேட்டபடி எழுதுங்கள். கேட்காத இடத்தில் புள்ளி வையுங்கள்.

மருமகள்


பிப்ரவரி 20

மருமகளுக்கு,

விசாரித்தேன். நர்ஸ் மறுபடி வந்தபோது ஒரு தாளைக் கொடுத்து, அன்று நீ சொன்னதை எழுதச் சொன்னேன். நீ எழுதிய அதே வாக்கியத்தை, அதே தலையோடு எழுதினாள். நீங்கள் இருவரும் பேசிவைத்துக்கொள்ள வாய்ப்பில்லை; அவளுக்கு உன் போன் நம்பர்கூடத் தெரியாது. ஆகவே ஏற்றுக்கொள்கிறேன்.

அந்த நேரத்தில் நாத்தனாரும் இருந்தாள். அவள் குரலுக்கு எனக்கு மெஷினே வேண்டியதில்லை. தாளை வாங்கிப் படித்தாள்.

“இன் ஹர் ப்ளேஸ்னா என்ன? அவ வீட்டுலன்னுதானே? அவ வீட்டுல ஒரு வாரம்கூட இருக்க மாட்டேன்னு சொல்லியிருக்கா. நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா?”

“வீடுன்னா அட் ஹர் ப்ளேஸ். இது இன்.”

“அட்டோ இன்னோ, ரெண்டெழுத்துல என்ன அண்ணி குடி முழுகிடப் போகுது?”

“அந்த ரெண்டெழுத்துலதான் என் மருமக ஈரத் தலையோட போனா.”

காபி கேட்டாள், கொடுத்தேன்.

நீ எழுதிய தலை விஷயத்தை நான் விடவில்லை. எங்கள் இலக்கண சிஸ்டர் ‘ஷல்’, ‘வில்’, ‘ஷுட்’, ‘வுட்’ எல்லாவற்றையும் வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்தார். எது யாருக்கு, எது எப்போது என்பதெல்லாம் இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தச் சொற்களுக்கு முன்னால் சாதாரண ஜனங்கள் பேச்சில் எதை வைக்கிறார்கள் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. இப்போது தினமும் மாலைச் செய்தியில் அதைத்தான் பார்க்கிறேன். பாலம் கட்டுகிற எஞ்சினியர் ஒருவர் சொன்னார்: ‘ஆன் பேப்பர், இட் ஷுட் ஹோல்ட்.’ காகிதத்தில் பார்த்தால் தாங்க வேண்டும். அந்த இரண்டு சொல்லில் அந்த மனிதர் தன் வேலையையும் காப்பாற்றிக்கொண்டார், உண்மையையும் சொல்லிவிட்டார். என்ன சாமர்த்தியம்! ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று ஒருவர் தொடங்கினால் அடுத்து வருவது மரியாதையாக இருக்காது என்பதையும் கண்டுகொண்டேன். இவ்வளவு சின்னச் சொற்களை இவ்வளவு பெரிய வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிற மொழியை, நான் வெறும் வாய்ப்பாடாகப் படித்திருக்கிறேன்.

நம் மொழியில் ‘லாம்’, ‘வேண்டும்’, ‘கூடும்’ எல்லாம் கடைசியில் வரும். கடைசிவரை காத்திருந்தால் கையில் கிடைத்துவிடும். எனக்குத் தவறுவது தொடக்கம்தான். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்துவிட்டார் என்று நான் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு சொல் போய்விடுகிறது. அது இத்தனை வருடமாக எனக்குப் புரிந்ததில்லை. நீ எழுதித்தான் புரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகும் உன் வரிகளை நான் பார்க்காமல் இருந்ததில்லை. நீ வேலை பார்க்கிற நாள் எது என்று எனக்குத் தெரியும். அன்று வாக்கியங்களுக்குத் தலை இருக்கும். போன புதன்கிழமை வானிலைச் செய்தி முழுவதும் ஒரு தலைகூட உதிரவில்லை. மற்றவர்கள் நாட்களில் முண்டங்களாக ஓடும். உன் வேலை உயர்ந்த வேலை. அதை டைப் அடிப்பது என்று சொன்னவளை நான் திருத்தாமல் விட்டிருக்கக் கூடாது.

டாக்டர் விஷயம். அவர் முகமூடி போட்டிருந்தார், உதடு தெரியவில்லை. கேட்டது இவ்வளவுதான்: ‘… யூ குட் லூஸ் வாட் யூ ஹாவ்.’ பிறகு ‘… யூ ஷுட் ஃபாலோ …’ பிறகு ‘… ஐ வுட் நாட் … லாங்.’

நீ எதை எதிர்பார்த்துக் கேட்டாயோ தெரியாது. எனக்கு முதல் வாக்கியமே போதும். உன்னிடமுள்ளதை இழக்கலாம் என்கிறார். என்னிடமுள்ளது என்ன என்று உனக்குத் தெரியுமா? இந்த வலது காதில் எனக்கு இப்போதும் நன்றாகக் கேட்கிற ஒரே குரல், என் குரல். காலையில் பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறேனே, பொழுது போகாமல் படிக்கிறேன் என்று நினைத்தாயா? என் இங்கிலீஷைச் சரிபார்த்துக்கொள்கிறேன். ‘வீ’ ‘வீ’யாக வருகிறதா, ‘டபிள்யூ’ ‘டபிள்யூ’வாக வருகிறதா என்று. அந்தக் காதும் போனால் என் பேச்சு கெட்டுப்போவது எனக்கே தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார்கள். மரியாதைக்குச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு சிரிப்பின் நடுவே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. இதை உன் புருஷனிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அத்தை


பிப்ரவரி 26

அத்தைக்கு,

புதன்கிழமை எனக்கு விடுமுறை. நீங்கள் மெச்சிய வானிலைச் செய்தி என்னுடையது இல்லை. எங்கள் ஷிப்ட் தலைவருடையது. உங்கள் பாராட்டை அப்படியே அவரிடம் சேர்த்துவிட்டேன், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அநியாயம் என்னவென்றால், தலையை வெட்டச் சொல்லி என்னோடு மல்லுக்கு நின்றவரே அவர்தான்.

“ஏம்மா, அந்த ஆள் பேசி முடிச்சு வீட்டுக்கே போயிட்டான், நீ இன்னும் ‘அட் வொர்ஸ்ட்’ல நிக்கறியே? அதெல்லாம் வெட்டிவிடு. வேகமாப் போகும்.”

“தலையை வெட்டினா எல்லாரும் வேகமாப் போயிடுவாங்க சார்.”

அன்று முறைத்துவிட்டுப் போனார். பிறகு ஒரு மழை நாளில் அவரே மைக்கில் உட்கார்ந்தார். ‘அட் வொர்ஸ்ட், தி ஈஸ்ட் சைடு குட் ஃப்ளட் பை ஈவ்னிங்’ என்று செய்தி. மிக மோசமாகப் போனால் மாலைக்குள் கிழக்குப் பக்கம் வெள்ளம் வரக்கூடும். அவர் வேகத்துக்காக முதல் இரண்டு சொல்லை விட்டுவிட்டார். அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. நிர்வாகியம்மா எங்கள் ஆபீசுக்குப் போன் பண்ணிப் பேசிய பேச்சு இருக்கிறதே, அதற்கு வரி போட என்னாலேயே முடியாது. அன்றிலிருந்து சார் ஒரு தலையைக்கூட விடுவதில்லை.

இப்போது உங்கள் டாக்டருக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். முதல் கடிதத்தில் ‘ஐ வுட் நாட் ஆபரேட்’ என்று எழுதினீர்கள். கேட்டது கேட்டபடி எழுதச் சொன்னபோது ‘ஐ வுட் நாட் … லாங்’ என்று புள்ளி வைத்திருக்கிறீர்கள். ‘ஆபரேட்’ எங்கே போனது? அது டாக்டர் வாயிலிருந்து வரவில்லை அத்தை. காலியான இடத்தில் நீங்களே போட்டுக்கொண்டது. ‘லாங்’ என்று முடிகிற வாக்கியம் ஆபரேஷன் செய்ய மாட்டேன் என்று சொல்கிற வாக்கியமாக எனக்குத் தெரியவில்லை.

‘யூ குட் லூஸ்’ என்பதற்கும் தலை இருந்திருக்கும். ‘அட் வொர்ஸ்ட்’டா, பெரும்பாலோருக்கு என்கிற ‘இன் மோஸ்ட் கேஸஸ்’ஸா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அது எது என்று நான் ஊகித்துச் சொல்ல மாட்டேன். ஊகித்துச் சொன்னால் எனக்கும் ‘பாத்துக்கலாம்’ என்கிற உங்கள் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்?

உங்கள் குரல் விஷயத்தை உங்கள் பிள்ளையிடம் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வரிகளைச் சோதித்துப் பார்த்துக் குறை சொல்ல வருகிறவர்களில் ஒருவர் அதே கருவி வைத்துக்கொண்டவர். அவரிடம் கேட்டேன். ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆரம்பத்தில் எல்லாக் குரலும் தகரத்தில் தட்டியது போல இருந்ததாம், அவருடைய குரலும்தான். பழகப் பழகத் தெளிந்ததாம். முன்பு இருந்தது போலவே வந்ததா என்றேன். “இல்ல. ஆனா அது நான்தான்னு தெரியுது” என்றார்.

மரியாதைக்குச் சிரிக்கிறவர்கள் பட்டியலில் என்னைச் சேர்க்காதீர்கள். கல்யாணமான புதிதில், விருந்தாளிகள் நடுவில், ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபவுட்’ வராது என்று என்னைத் திருத்தினீர்கள். அன்று குளியலறையில் போய் அழுதேன். அதன் பிறகு அந்தத் தப்பு என் வாயில் வந்ததில்லை. மைக்கின் முன்னால் உட்காரும்போதெல்லாம் உங்கள் காதுதான் என் எதிரில் இருக்கிறது. உங்களுக்கு அது தெரியாது. நீங்கள் தப்பாகப் பேசினால் நான் சிரிக்க மாட்டேன், திருத்துவேன்.

ஒரு தடவை கூப்பிடாமல் வந்து பார்த்தாகிவிட்டது. இனிமேல் அந்தத் தப்பு செய்வதாக இல்லை.

மருமகள்


மார்ச் 1

மருமகளுக்கு,

டாக்டர் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்கிறவள் அல்ல நான்.

அத்தை


மார்ச் 4

அத்தைக்கு,

அப்படியானால் டாக்டரையே கேட்டுவிடுங்கள்.

மருமகள்


மார்ச் 9

மருமகளுக்கு,

கேட்டேன். உன் மூன்று சொல் கடிதம் வந்த மறுநாள் காலை தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் புருஷனிடம் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் நாளைக்குப் போகலாம் என்றிருப்பான்.

வரவேற்பில் இருக்கிற பெண்ணுக்கும் நமக்கும் நடுவில் கண்ணாடி. அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்குக் காது கேட்காது, எழுதிக் காட்டு என்றேன். அவள் அதே வாக்கியத்தைக் கூடுதல் சத்தத்தோடு திரும்பச் சொன்னாள் போலிருக்கிறது, ஏனென்றால் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காது டாக்டர் ஆஸ்பத்திரியில் காது கேட்காதவள் வருவாள் என்று அவளுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தள்ளினாள்: ‘பாட்டி, உட்காருங்க.’ உன் பாட்டி வேறு எங்கோ இருக்கிறார், எனக்கு டோக்கன் கொடு என்றேன். கொடுத்தாள்.

டோக்கனுக்கு வேலை வரவில்லை. டாக்டர் நடைவழியில் வந்தார். எழுந்து போய் எதிரில் நின்றேன். இங்கிலீஷில் கேட்டேன், என் மிகச் சிறந்த இங்கிலீஷில்: ஆபரேஷன் செய்ய மாட்டேன் என்று நீங்கள் சொன்னீர்களா? அவர் முகமூடியைக் கீழே இழுத்தார். முதல்முறையாக அந்த மனிதருக்கு உதடு இருப்பதைப் பார்த்தேன். தலையை இடவலமாக வேகமாக ஆட்டினார். பிறகு சொன்னார். பின்னால் லிஃப்ட் திறந்து ஒரு தள்ளுவண்டி தடதடவென்று வந்துகொண்டிருந்தது. நான் பார்த்ததும் கேட்டதும் சேர்த்து இது: ‘… ஐ வுட் நாட் வெயிட் டூ லாங்.’

அதிக நாள் காத்திருக்க மாட்டேன். ‘ஆபரேட்’ அவர் சொன்னதல்ல. நீ சொன்னது சரி, நான் போட்டுக்கொண்டதுதான். ஏன் போட்டுக்கொண்டேன் என்று உனக்குப் போன கடிதத்துக்கு முந்தைய கடிதத்திலேயே எழுதிவிட்டேன். மறுபடி எழுதத் தேவையில்லை.

ஆனால் பார், தலை மறுபடியும் போய்விட்டது. ‘அட் யுவர் ஏஜ்’ என்றாரா, ‘இன் யுவர் ப்ளேஸ்’ என்றாரா? உன் வயதில் என்பது ஒரு பேச்சு. உன் இடத்தில் நான் இருந்தால் என்பது வேறு பேச்சு. முதலாவது என்றால் அவர் என் ஆயுளைக் கணக்குப் போடுகிறார். இரண்டாவது என்றால் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார். கேட்பதற்குள் லிஃப்டில் ஏறிவிட்டார். முன்பெல்லாம் இந்த மாதிரி இரண்டு சொல் தவறியது எனக்குத் தெரியவே தெரியாது. கிடைத்ததை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கோபப்படுவேன். இப்போது என்ன தவறியது என்றாவது தெரிகிறது. காது கேட்காத ஒருத்திக்கு இது சின்ன லாபம் இல்லை. இந்த லாபம் உன்னால் வந்தது. எங்கள் சிஸ்டர்கள் ஆறு வருடத்தில் சொல்லிக்கொடுக்காததை நீ ஒரு கோபக் கடிதத்தில் சொல்லிக்கொடுத்தாய்.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண் 19ஆம் தேதி காலைக்கு எழுதிக்கொடுத்திருக்கிறாள். டாக்டர் எல்லாவற்றையும் உட்கார வைத்து விளக்குவாராம். அன்றே நான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் என் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். உன் புருஷன் விஷயம் தெரிந்து, “நான் வரேம்மா, என்ன சொல்றாருன்னு கேட்டு வச்சுக்கலாம்” என்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் கேட்டு வைத்துக்கொள்வது அவனோடு இருக்கும். எனக்கு வருவது அதன் சுருக்கம். சுருக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு காதைக் கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் இருக்கவும் முடியாது.

செய்துகொள்வதா வேண்டாமா என்று நான் முடிவு செய்கிறேன். அதில் உன்னிடம் யோசனை கேட்கவில்லை. நல்லபடியாக முடிந்தால் உன்னால் என்றோ, கெட்டுப்போனால் உன்னால் என்றோ யாரும் சொல்ல விடமாட்டேன். எனக்கு வேண்டியது முழு வாக்கியம். நல்லதோ கெட்டதோ, அவர் எப்படித் தொடங்கினாரோ அப்படியே. என்னைத் தேற்றுவதற்காக ஒரு சொல் கூட்டவும் கூடாது, பயப்படுவேனே என்று ஒரு சொல் குறைக்கவும் கூடாது. அந்தக் காரியத்தைச் செய்ய எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான் இருக்கிறாள்.

ஜனங்கள் ஒன்றைக் கேட்கும்போது முன்னால் ஏதாவது வைத்துக் கேட்கிறார்கள். முடிந்தால், சௌகரியப்பட்டால், தொந்தரவு இல்லாவிட்டால் என்று. நானும் அடுத்த வரியை அப்படித் தொடங்கி, அடித்துவிட்டேன்.

19ஆம் தேதி நீ என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை எனக்கு எழுதிக்காட்ட வேண்டும். வருவாயா? உன் புருஷனிடம் சொல்லி அனுப்பாதே. எழுத்தில் பதில் போடு.

அத்தை